வின்சன்ட் நின்ற பக்கம்

றஞ்சிதம்: அந்தத் தலைப்பை இறுக்கிப் பிடி, செலீனா. வலை தொய்யுது.

செலீனா: பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன், மச்சாள். நீங்கள்தான் கடலிலை இழுக்கிறமாதிரி இழுக்கிறியள்.

றஞ்சிதம்: பழைய வலை. மீன்தான் நிக்காது, பந்தாவது நிக்கட்டும். பூசையாலை வந்தவுடனை எல்லாரும் வீட்டு முத்தத்திலை இறங்கிடுவினம்... இந்த முறை நீ எங்கடை பக்கம்.

செலீனா: உங்கடை பக்கமோ? அது இந்த வீட்டிலை பிறந்த பிள்ளையளின்ரை பக்கமெல்லோ. நான் கட்டி வந்தவள். மருமக்கள் பக்கம்.

றஞ்சிதம்: அது எனக்குத் தெரியாதோ?

செலீனா: உயிர்த்த ஞாயிறு வொலிபோலுக்கு உங்கடை அப்பு வைச்ச சட்டம் எண்டு ஒவ்வொரு வருசமும் சண்டைக்கு நிக்கிறது நீங்கள்தானே.

றஞ்சிதம்: என்ரை தம்பி வின்சன்ட் கடலோடை போய் மூண்டு வருசம். எங்கடை பக்கம் ஒராள் குறைச்சலாத்தான் விளையாடுறம். தோத்துத் தோத்து அலுத்துப்போச்சு.

செலீனா: அவர் நிண்ட இடத்திலை... என்னாலை ஏலாது, மச்சாள். இந்த முறை நான் விளையாடேல்லை.

றஞ்சிதம்: ஏன்?

செலீனா: கால் நோகுது.

றஞ்சிதம்: காலமை கிணத்தடியிலை துள்ளித் துள்ளி உடுப்புக் காயப்போட்ட கால்தானே?

செலீனா: மச்சாள்... உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். மாமிக்குச் சொல்ல முதல்.

றஞ்சிதம்: முதல்லை முடிச்சைப் போடு.

செலீனா: சொன்னா என்னை வைச்சிருக்கமாட்டியள்.

றஞ்சிதம்: ஆர்?

செலீனா: எல்லாரும்தான். எனக்கும் இதைவிட்டா வேறை வீடு இல்லை...

றஞ்சிதம்: அந்த மீனுக்கு ஐஸ் விக்கிற வாடிக் கொன்ஸ்ரன்ரைன் வொலிபோல் விளையாடுவானோ?

செலீனா: ஐயோ, முடிச்சு அவிண்டுபோச்சு.

றஞ்சிதம்: கேக்கிறனெல்லோ. நெடுத்த பெடியன், வலையடியிலை நிப்பாட்டலாம்.

செலீனா: உங்களுக்கு... ஆர் சொன்னது?

றஞ்சிதம்: அம்மா. ஐஸ் வாங்கப் போறவள் வெறுங்கையோடை சிரிச்சுக்கொண்டு வாறாள் எண்டு சொன்னவ.

செலீனா: மாமி அழுதவவோ?

றஞ்சிதம்: அழுதவதான். ஒரு கிழமை ஒருத்தரோடையும் கதைக்கேல்லை.

செலீனா: பிறகு?

றஞ்சிதம்: பிறகுதான் விளையாட்டுக்கு ஆக்களைப் பிரிச்சவ. நீ பிள்ளையளின்ரை பக்கம் எண்டு சொன்னது நானில்லை, அம்மாதான். போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா... மருமக்கள் பக்கம் இப்ப ஒராள் குறையுது.