பச்சை எரிந்தால் உதவி வருகிறது

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே காலி பாட்டிலைக்கூடத் தொட்டியில் போடக்கூடாது, சத்தம் கேட்கும். ஜெர்மனிக்கு, இந்த டார்ம்ஸ்டாட்டுக்கு வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. போகப்போகப் பிடித்துவிட்டது. நான் செய்தது உங்களுக்குப் புரியவேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான் எங்கள் நிறுவனத்துடையது. அமுக்கினால் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு பழைய ஸ்கிரிப்ட் உதவி மையத்துக்குச் செய்தி அனுப்பும். செய்தி போனால் பொத்தானில் பச்சை எரியும், போகாவிட்டால் சிவப்பு. அதில் செய்தியை அனுப்பும் பகுதியான மாட்யூல் அடிக்கடி பிழையை வீசும். ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே செத்து விழும், என் மேலாளரின் கைபேசி அலறும், அவருடைய வார இறுதி கெடும். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் இந்தச் சத்தத்தை நிறுத்து என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நிறுத்தினேன். மாட்யூலை அழைக்கும் வரியை eval என்ற உறைக்குள் போட்டேன். அதற்குள் எந்தப் பிழை வந்தாலும் ஸ்கிரிப்ட் சாகாது. அடுத்த வரியில், பிழை வந்ததா என்று பார்த்து, மறுபடி அனுப்பவேண்டும், அல்லது யாரிடமாவது சொல்லவேண்டும். விவரம் தெரிந்தவன் அப்படித்தான் எழுதுவான். நான் அடுத்த வரியில், செய்தி போனாலும் போகாவிட்டாலும், பச்சையை எரியவிட்டேன். வேலை நிரந்தரமானது. இந்த ஊர் வழக்கப்படி ஆபீசுக்கு நான்தான் கேக் வாங்கிப் போனேன்.

மரியரட்ணம் என் பக்கத்து வீட்டுக்காரர். மன்னார்க்காரர், மனைவி போனபிறகு தனியாள். என்னை நம்பித்தான் எங்கள் பொத்தானை வாங்கினார். முன்பெல்லாம் சிவப்பு எரிந்தால் எங்கள் நடுச்சுவரில் தட்டுவார், நான் ஓடுவேன். ஸ்கிரிப்டை நான் மாற்றியபிறகு தட்டுவது நின்றது. ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

“தம்பி, குளியலறையில விழுந்திட்டன். அமத்தினனான், பச்சை எரிஞ்சது. ஒருத்தரும் வரேல்லை.”

“பச்சை வந்துச்சுல்ல அங்கிள்? அப்போ மெசேஜ் போயிருக்கும். கொஞ்சம் வெயிட் பண்ணணும்.”

“ஓம், நீங்கள் செய்தது எண்டால் சரியாத்தான் இருக்கும்.”

ஏதோ தன் தப்பு போலச் சொன்னார். பாவமாகத்தான் இருந்தது. எந்த வரி காரணம் என்று எனக்கு அங்கேயே தெரியும். ஆனால் அதைத் திருத்தினால் சத்தம் திரும்ப வரும்.

போன ஞாயிறு மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் கனமாக ஏதோ விழுந்தது. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தேன். தட்டினால் போகலாம் என்று இருந்தேன். தட்டவில்லை. கூப்பிடாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைவது இந்த ஊரில் மரியாதையில்லை. டிவியைப் பழையபடி வைத்தேன்.

போலீஸ்காரர்கள் நீங்கள் கதவை உடைத்தபோது அவர் சுவருக்குக் கை எட்டும் தூரத்தில்தான் கிடந்தார் என்கிறீர்கள். பொத்தானைக் கையில் பிடித்திருந்தார், பச்சை எரிந்துகொண்டே இருந்தது என்கிறீர்கள். அந்த வரியை எழுதியவன் நான்தான், மறுக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு எரிந்திருந்தால் மனுஷன் பயந்துபோயிருப்பார். கடைசிவரை உதவி வருகிறது என்ற நிம்மதியில் இருந்தார். அந்த அளவுக்கு என் ஸ்கிரிப்ட் நன்றாகவே வேலை செய்திருக்கிறது.