ஒரு கெட்ட வார்த்தை இல்லை

எனக்குப் பேசப் பிடிக்கும். லிஃப்டில் நாலு மாடி ஏறுவதற்குள் பக்கத்தில் நிற்பவரின் மாமியார் வரைக்கும் விசாரித்துவிடுவேன். அலுவலகத்தில் எனக்கு 'வானொலி' என்று பட்டப்பெயர்.

பக்கத்து மேசைப் பெண் எனக்கு நேர் எதிர். அறிக்கைகளையெல்லாம் அவள் தயாரிப்பாள், கூட்டத்தில் எழுந்து நான் வாசிப்பேன். நாலு பேர் பார்த்தாலே அவளுக்குக் கை நடுங்கும். பாராட்டு எனக்கு வரும். "நீங்க சொன்னாதாண்ணா எடுபடுது" என்பாள், பாவம்.

பிரிவு மேலாளர் பதவி காலியானபோது இணையத்தில் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினாள். என்னிடம் மட்டும் காட்டினாள். வாய் உள்ளவர்களுக்கே பதவி போகிறது, வேலை செய்பவர்கள் பின்னால் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். இந்த முறை தானும் விண்ணப்பிக்கப் போவதாகக் கடைசி வரி. அந்தப் பதவிக்கு நான் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தேன்.

கட்டுரைக்குக் கீழே பின்னூட்டங்களில் சிலர் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார்கள். அந்த அநாகரிகம் எனக்கு ஆகாது. 'வாசகன்' என்ற பெயரில் நான் எழுதினேன். "தவறாக எண்ண வேண்டாம், சகோதரி. தங்கள் வரிகளில் ஒரு நடுக்கம் தெரிகிறது. பொறுப்பைத் தாங்குவீர்களா என்று அக்கறையோடு கேட்கிறேன்." நடுக்கம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். அதன்பின் அவள் எழுதிய ஒவ்வொன்றுக்கும் எழுதினேன். ஐந்து வாரத்தில் பத்தொன்பது.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் கண் கலங்கி நின்றாள்.

"திட்டறவங்களை விட்டுத் தள்ளிடலாம்ணா. இவரு இவ்வளவு மரியாதையா சொல்றாரே, நிஜமாத்தானே இருக்கும்?"

நான் தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன். "உன் நல்லதுக்குத்தான் சொல்றாரும்மா."

அவள் விண்ணப்பிக்கவில்லை. பதவி எனக்கு வந்தது. அடுத்த மாதமே வேலையை விட்டாள், எழுதியதையெல்லாம் அழித்தாள். பிரிவுபசாரக் கூட்டத்தில் நான்தான் அவளைப் புகழ்ந்து பேசினேன், எல்லோரும் கைதட்டினார்கள். இதைச் சொல்லும்போது காது சுடுகிறது. வெட்கமாக இருக்கிறது. அவளை நான்தான் துரத்தினேன்.

போகுமுன் 'வாசக'னுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். நாகரிகமாகப் பேசிய ஒரே ஆள் நீங்கள்தான் ஐயா, நன்றி, இனி எழுதமாட்டேன் என்று.

பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லையே. நன்றி சொன்னேன். அவள் மின்னஞ்சலில் இரண்டாவது வாக்கியம் சற்று நீளம் என்பதையும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சுட்டிக்காட்டினேன்.