ஒஸ்வல்டுக்கு ஒரு தேதி

இல்லைங்க டொக்டர், மகன் வரல. நான் அவன் அம்மா, மரியாயி. ரத்தோட்டைக்கு மேல, ரிவர்ஸ்டன் போற ரோட்டுல இருக்கே, அந்தத் தேயிலைத் தோட்டம். இந்த வலிப்பு ஆராய்ச்சிய முடிச்சு வைக்கிறதுக்கு கண்டியிலருந்து வந்த டொக்டர் நீங்கதான்னு கொம்பியூட்டர்ல வேலை செய்யிற ஹிதாயா மிஸ் சொன்னாங்க. ஒஸ்வல்டப் பத்தி என்ன கேக்கணுமோ எங்கிட்டயே கேளுங்க. பெத்தவளுக்குத் தெரியாததா.

பரவால்ல, நின்னுக்கிட்டே... சரி, உக்காருறேன்.

பள்ளிக்கூடத்துல இருக்கும்போதே தொடங்கினது டொக்டர். நான் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறேன், மகன் விழுந்துட்டான்னு ஆள் ஓடி வருது. அதுக்குப் பொறகு எப்ப விழுவான்னே தெரியாது. அடுப்புப் பக்கம் விடமாட்டேன், ஆத்துப் பக்கம் விடமாட்டேன். ஒருக்கா பீலிக்கரையில தண்ணி புடிக்கப் போயி விழுந்து முன்பல்லு போச்சு. மருந்து குடுக்கலன்னு சொல்லமாட்டேன். தோட்டத்து டிஸ்பென்சரியில ஒண்ணு குடுப்பாங்க, டவுன் ஆஸ்பத்திரியில இன்னொண்ணு குடுப்பாங்க. இவங்க குடுத்தது அவங்களுக்குத் தெரியாது. புது டொக்டர் வந்தா மறுபடி மொதல்லருந்து கதை சொல்லணும்.

அப்பதான் ஒங்க ஆளுக ஆராய்ச்சிக்குப் பேரு எடுக்க வந்தாங்க. எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல போட்டு வைப்போம், மாசாமாசம் கேப்போம்னாங்க. எங்க ஊட்டுக்காரரு இராயப்பன் வேணவே வேணாம்னாரு. தமிழாளுக பேரு, வெலாசம், யாரு எங்க வேலைன்னு எல்லாம் எடுத்து யாருக்குக் குடுப்பாங்களோன்னு அவருக்குப் பயம். இந்த யுத்த நேரத்துல இருக்கிற நெலமை ஒங்களுக்குத் தெரியும்தானே. புள்ளைக்கு நல்லாகணும்னு நான்தான் பேரு குடுத்தேன்.

அதுல நல்லதுதான் நடந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. யாருக்கு எப்ப வலிப்பு வந்துச்சு, எப்ப மருந்து எடுத்தாங்கன்னு ஹிதாயா மிஸ் கேட்டுக் கேட்டு ஏத்திக்கிட்டே இருந்தாங்க. ஒரு நாளு பெரிய டொக்டர் எங்களையெல்லாம் கூப்புட்டு ஒக்கார வச்சாரு. தோட்டத்து ஆளுகளுக்கு மட்டும் மாசக் கடைசியில வலிப்பு கூடுதுன்னு கொம்பியூட்டர் காட்டுது, டவுன் ஆளுகளுக்கு அப்படி இல்ல, ஏன் அப்படின்னு கேட்டாரு. மொதல்ல ஒரு பொம்பள சொன்னா, அவளப் பாத்து எல்லாரும் சொன்னோம். கிளினிக் மாசக் கடைசியில, வேல நாள்ல வருது. லீவு கேட்டா தோட்டத்துத் தொரை கத்துவாரு. நாங்க பிந்தித்தான் வருவோம், அதுவரைக்கும் இருக்கிற மாத்திரைய ஒடைச்சு ஒடைச்சுப் பாதியாக் குடுப்போம். அந்த மனுசன் ஏசவே இல்ல. கிளினிக்க ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டாரு. பூசை முடிஞ்சு நேரா வந்துரலாம். மாத்திரையும் கூட்டிக் குடுக்கச் சொன்னாரு.

வலிப்பு நின்னுருச்சு டொக்டர். ஒரு நாளு அவனே அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டான். நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். என்னம்மா பாக்குறேன்னான். சும்மாதான்னேன்.

அதுக்குப் பொறகு கொழும்புக்குப் போனான். பக்கத்து லயத்து வீட்டு அழகமுத்து அங்க பேக்கரியில வேல செஞ்சான், அவந்தான் கூப்புட்டான். போறணை அடுப்புக்கு முன்னால நிக்கிற வேல. எம்புள்ள நெருப்புக்கிட்ட நிக்கிறான்னு லயம் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கிளினிக்குக்கு மட்டும் தவறமாட்டான். சனிக்கிழமையே பஸ் புடிச்சு வந்துருவான்.

என்ன கேட்டீங்க? கடைசியா எப்ப வலிப்பு வந்துச்சுன்னா?

அத... நான் எப்படிங்க சொல்லுவேன்.

தை மாசத்துக்குப் பொறகு நான் அவனக் காணல டொக்டர். அவனும் அழகமுத்தும் கொழும்புல வேலைக்கு நடந்து போகும்போது யாரோ மறிச்சிருக்காங்க. ஐடென்டிட்டி பாத்தாங்களாம். இவன் பையில மாத்திரை இருந்திருக்கு, இது என்னான்னு கேட்டாங்களாம். வலிப்புக்குன்னு சிங்களத்துலயே சொல்லியிருக்கான், அவனுக்கு சிங்களம் நல்லா வரும். மாத்திரையையும் எடுத்துக்கிட்டு அவனையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அழகமுத்த விட்டுட்டாங்க. வந்தவங்க யூனிபோம் இல்லாம சும்மா கால்சட்டை, சேட்டுதான் போட்டிருந்தாங்களாம், யாருன்னு சொல்லல. நாங்களும் பொலிஸ் பொலிசா ஏறி எறங்குறோம். எங்ககிட்ட இல்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க.

அழலைங்க. தடிமன், மூக்கு ஒழுகுது.

ஹிதாயா மிஸ்ஸ ஒண்ணும் சொல்லாதீங்க. நான் கெஞ்சிக் கேட்டதுக்குத்தான் அந்தப் புள்ள அவன் பேர முடிக்காம வச்சிருந்துச்சு. இப்ப ஆராய்ச்சி முடியுது, அவன் ஏன் வரலன்னு கொம்பியூட்டர்ல ஏதாவது ஒண்ண அமுக்கியே ஆகணும்னு சொல்லுது. என்னென்ன இருக்கு, வாசிச்சுக் காட்டுன்னேன். வேணாம்னு நிப்பாட்டிட்டாரு. ஊர் மாறிட்டாரு. செத்துட்டாரு. புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு ஒண்ணு அதுல இல்லையாம்.

வேணாம்னு அவன் சொல்லல. ஊர் மாறிட்டான்னா ஒரு வெலாசம் இருக்கணும்ல, அந்த வெலாசத்துக்குத்தானே நானும் அவங்கப்பாவும் அலையிறோம். மத்தது... அத மட்டும் அமுக்கிறாதீங்க, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்.

ஆராய்ச்சி முடிஞ்சாலும் கிளினிக் நடக்கும்தானே? அப்ப அவன் பேருக்கு அடுத்த தேதி ஒண்ணு போட்டுத் தாங்க. வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்கதான் கூட்டிக்கிட்டு வருவேன். மாத்திரை இல்லாம இருக்கான் டொக்டர், தை மாசத்துலருந்து.