ஒன்றரைச் சுற்று

ஒரே விளையாட்டை ஐந்து மாதம் விளையாடினால் கட்டைவிரல் காய்த்துப்போகும். விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. பாருங்கள் மேடம், இன்னும் போகவில்லை.

அது ஒரு நிஞ்ஜா வீடியோ விளையாட்டு. முகத்தைத் துணியால் மூடிக்கொண்ட ஒருவன், முதுகில் ஒரு வாள். கூரை தாவி, சுவர் ஏறி, காவலாளிகளின் கழுத்தை அறுத்துக்கொண்டே கோட்டையின் உச்சிக்குப் போக வேண்டும். திரை முழுக்க ரத்தம் தெறிக்கும். நம்மீது இரண்டு வெட்டு விழுந்தால் கதை முடிந்தது, மறுபடி வா என்று திரையில் வரும். உச்சியில் ஒரு மரப்பாலம். அதன் நடுவில் இரட்டைக் கத்திக்காரன் ஒருவன் நிற்பான். அவன்தான் கடைசி ஆள். ஐந்து மாதமாக அவனை என்னால் தாண்ட முடியவில்லை. எத்தனை முறை செத்தோம் என்பதை விளையாட்டே ஓரத்தில் காட்டிக்கொண்டிருக்கும். நானூற்றுப் பன்னிரண்டு.

எனக்குக் கதவு மாட்டும் வேலை. அலுவலகம், மருத்துவமனை, அடுக்குமாடி என்று எல்லாம் கனமான கதவுகள். தானாக மெதுவாகச் சாத்திக்கொள்ள மேலே ஒரு டோர் க்ளோசர் இருக்கும். உங்கள் அறைக் கதவிலும் இருக்கிறது. எண்ணெய் கசிகிறது, மாற்றச் சொல்லுங்கள். அதன் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு உண்டு. முறுக்கினால் கதவு பூனை மாதிரி வரும். தளர்த்தினால் அறையும். பதினாறு வருடத்தில் நான் மாட்டிய ஒரு கதவைப் பற்றியும் யாரும் குறை சொன்னதில்லை.

என் மனைவி பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். கைராசிக்காரி என்று பெயர். நரம்பே தட்டுப்படாத கிழவர்கள், உதைத்துக்கொண்டு அழும் குழந்தைகள், மற்றவர்கள் கைவிட்டவர்கள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். வலது கை நடுவிரலால் தடவிப் பார்ப்பாள். ஒரே குத்துதான்.

அவள் அந்த விளையாட்டைத் தொட்டதே இல்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்து துணி மடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் சொன்னாள்: “அவன் கத்திய ஓங்குறப்பவே நீங்க பாயுறீங்க. கொஞ்சம் பொறுங்க. இறங்குறப்பதான் தட்டி விடணும்.”

ஊசி குத்துகிறவள் சொல்லிக்கொடுத்து நான் வாள் பிடிக்க வேண்டுமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மருத்துவமனையில் கதவு ஒன்று சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். போய்விட்டுத் திரும்பினால் வீட்டில் ஒரே சிரிப்பு. மைத்துனன் வந்திருந்தான். மனைவி கையில் என் கன்ட்ரோலர். திரையில் கோட்டை எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை.

“ஏங்க, உங்க ஆளு விழுந்துட்டான்,” என்றாள். “மூணாவது தடவையிலயே.”

மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மச்சான், அக்காகிட்ட டியூஷன் வெச்சுக்கோங்க.”

நானும் சிரித்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் குரலை உயர்த்தவில்லை. கை ஓங்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது. மூவருக்கும் நானே டீ போட்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. அவள் ஆடியது நான் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை. என் நானூற்றுப் பன்னிரண்டு சாவின் மேல் ஏறி நின்று, மூன்றே அடியில் தாண்டிவிட்டாள்.

மைத்துனன் போன பிறகு என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். சரியான நேரத்தில் என் தோளில் விரலால் தட்டி, “இப்ப,” என்பாள். நான் அமுக்க வேண்டும். பத்தொன்பது முறை செத்தேன். கடைசியில் என் தலையைக் கோதி, நோயாளியிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: “பரவாயில்லங்க. ஈஸி மோடுன்னு ஒண்ணு இருக்காம். அதுல வெச்சுக்கலாமே.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். ஒரு மனிதன் தோற்கலாம். தோற்றவனுக்குத் தலை கோதக் கூடாது.

பதினோரு நாள் யோசித்தேன். ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆத்திரக்காரன் பதினோரு நாள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவானா?

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாசலுக்கு வெளியே நின்று, வலது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து இடது கையால் செருப்பு வாரை இழுத்து விடுவாள். விரல்கள் நிலையின் உள்பக்கம் இருக்கும். ஒன்பது வருடமாக அப்படித்தான். கதவு மெதுவாக வரும், அதற்குள் கையை எடுத்துவிடுவாள். பன்னிரண்டாம் நாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வாசல் கதவு க்ளோசரின் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன்.

மூன்று விரல்கள். நடுவிரலில் எலும்போடு நரம்பும் போய்விட்டது. இரண்டு அறுவை சிகிச்சை. இப்போது அதே பரிசோதனைக் கூடத்தில் இடது கையால் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாள். அந்த நடுவிரலில் சூடு, குளிர் எதுவும் உறைப்பதில்லையாம்.

எல்லோரும் விபத்து என்றார்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன். மைத்துனன்தான் அடங்கவில்லை. குடியிருப்பு அலுவலகத்தில் போய்க் குதித்தான். அவர்கள் க்ளோசரைக் கழற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். ‘மாட்டியவரின் கவனக்குறைவு.’ எங்கள் வீட்டுக் கதவையும் சேர்த்து அந்தக் கட்டடத்தின் அறுபத்து நாலு கதவுகளையும் மாட்டியவன் நான். கம்பெனி என்னை நிறுத்திவிட்டது. நேற்று வேலைக்கு வந்த ஒருவன் இப்போது ஏணி போட்டு ஏறி அவற்றைச் சரிபார்க்கிறான். என் கதவுகளை.

அதைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். நேற்று மாலை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீங்க?” என்றாள். “ஏதோ சரியா மாட்டாம விட்டுட்டீங்க. மனுஷன்தானே. நான் ஒண்ணும் நினைக்கல.”

இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. காலையில் முதல் வேலையாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஒன்றரைச் சுற்று தளர்ந்த கதவு விரலை நசுக்கும், எலும்பை உடைக்காது. அது எனக்குத் தெரியும். அதனால் கதவுக்குப் பின்னால் நின்று, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். குனிந்திருந்தவள் என்னைப் பார்க்கவில்லை. விரல்களில் மோதிக் கதவு சற்றே திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினேன். கதவு தானாகத்தான் இரண்டு முறை அடித்தது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதை அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் மேடம். தெளிவாகச் சொல்லுங்கள். அந்தக் கதவை நான் சரியாகத்தான் மாட்டியிருந்தேன்.