உப்பு டப்பாவின் விலாசம்

– இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க. துணி ஓரத்துல வெளிச்சம் தெரியுது.

– டெய்லரம்மா கட்டிக்கிட்ட புருஷனுக்கு ஒரு முடிச்சு ஒழுங்கா போடத் தெரியலையே! இந்தா, கட்டியாச்சு. இப்ப?

– இப்ப ஒண்ணும் தெரியல.

– அப்ப கிளம்பு. நேரா அடுப்படி. இன்னிக்கு டீ போடணும். நான் இந்தக் கதவுகிட்டயே நிப்பேன், கிட்ட வரமாட்டேன்.

– என்னத்துக்குங்க தினமும் இந்தக் கூத்து? போற கண்ணு போகட்டும். இருக்கிற பார்வையும் நிக்காதுன்னு டாக்டரே கையை விரிச்சுட்டாரு.

– அவரு கையை விரிச்சா நாம காலை நீட்டிப் படுத்துக்கணுமா? முழுசாப் போறதுக்குள்ள கை பழகிக்கணும். முந்தாநேத்து தண்ணி பிடிக்கப் பழகின. நேத்து அடுப்புப் பத்தவச்ச. தினம் ஒண்ணே ஒண்ணு போதும். காலமெல்லாம் வீடு வீடா தபால் குடுக்கிறவன் சொல்றேன். விலாசம் சரியா இருந்தா எதுவும் போய்ச் சேர்ந்துடும்.

– பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நேத்து கடையில ஒரு சட்டைக்குப் பித்தான் தைச்சேன். முதலாளியம்மா வாங்கிப் பார்த்தாங்க. ஒரு வார்த்தை பேசல. பிரிச்சுட்டு பக்கத்து மெஷின் பொண்ணுகிட்ட குடுத்துட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க.

– இதைப் பேசினா நான் அழுதுடுவேன். நீ பாத்திரத்தை எடு.

– எடுத்துட்டேன். தண்ணியும் பாலும் ஊத்தியாச்சு. அடுப்பு... ம், பத்திக்கிச்சு.

– சபாஷ்! கையைச் சட்டுனு எடுத்துக்கோ.

– கொதிக்கிற சத்தம் கேக்குது. தூளும் போட்டாச்சு. சர்க்கரைக்கு விலாசம் சொல்லுங்க.

– மேல் தட்டு, இடது பக்கம், சுவரோரம். முதல் வீடு.

– கிடைச்சுடுச்சு. இருங்க, நாக்குல வச்சுப் பார்த்துக்கிறேன்... ச்சீ, உப்பு!

– உப்பா?

– சர்க்கரை வீட்டுல உப்பு குடியேறியிருக்கு. உப்பு டப்பாவைக் கொண்டுவந்து இங்க வச்சது யாரு? வீட்டுல இருக்கிறதே நாம ரெண்டு பேரு.

– நான்தான். சும்மா... உனக்கு ஒரு பரீட்சை வச்சேன்.

– பரீட்சையா? நல்லாயிருக்கே! நேத்து வீட்டுச் சாவி ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்துச்சே, அதுவும் பரீட்சையா?

– அதுவும்தான். நீதான் பாஸாயிட்டியே.

– சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. வச்சது வச்ச இடத்துல இருந்தாத்தான் நான் இனிமே பிழைக்க முடியும். இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்.

– மாத்தமாட்டேன்மா. இனிமே மாத்தமாட்டேன்.

– குரல் ஏன் இப்படி இறங்கிப்போச்சு? ஆபீஸ்ல உங்களை லீவு எடுக்கச் சொன்னாங்களே, ஏன்னு இன்னும் எங்கிட்ட சொல்லல.

– ஒரு கட்டு தபாலை வேற தெருவுல குடுத்துட்டேன். பெருசா ஒண்ணுமில்ல.

– நீங்களா? தூக்கத்துல கேட்டாக்கூட கதவு நம்பர் சொல்ற ஆளு நீங்க!

– வயசாகுதுல்ல. விடு. டீ பொங்கப்போகுது பாரு.

– அணைச்சுட்டேன். இன்னிக்குச் சர்க்கரை இல்லாத டீதான். ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா? ராத்திரியெல்லாம் மனசு கிடந்து அடிச்சுக்குது. இனிமே எதுக்கு எந்திரிக்கணும்னு தோணுது. காலையில நீங்க இந்தத் துணியோட வந்து நிக்கிறப்பதான், சரி, இன்னிக்கு ஒரு நாளைத் தள்ளிடலாம்னு வருது. எனக்குப் பார்வை போனாலும் வழி சொல்ல நீங்க இருக்கீங்க. அந்த ஒரு தைரியம்தான்.

– ம்.

– வெறும் ம்-தானா? சரி, டம்ளரோட சுவரைத் தொட்டுக்கிட்டே வரேன். எங்க நிக்கிறீங்க? குரல் குடுங்க.

– இங்கதான்.

– இங்கன்னா? இடதா, வலதா? வழி சொல்லுங்க தபால்காரரே, கை சுடுது.

– ஏம்மா, சூடான டீயைக் கையில வச்சுக்கிட்டு எதுக்கு இப்படிச் சுவரைத் தடவுற? உன் கண்ணை யாரு கட்டிவிட்டாங்க?