ஏழாவது படம்

பென்சில் சீவ நான் மெஷின் வைத்துக்கொள்வதில்லை, பிளேடுதான். நீங்கள் எழுதும் இந்தப் பென்சில் மொட்டையாக இருக்கிறது. இருக்கட்டும், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாள் வருஷத்துக்கு ஒருமுறை என் கடைக்கு வருவார். காணாமல்போன மகளின் மூன்று வயது போட்டோவைக் கொடுத்து, "இப்ப எப்படி இருப்பான்னு வரைஞ்சு குடுங்க" என்பார். உங்கள் ஸ்டேஷன் ஆட்கள்தான் என்னிடம் அனுப்பிவைத்தார்கள். முகத்தை உள்ளபடி வரைய ஊரில் என்னை விட்டால் ஆள் கிடையாது; அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆறு வருஷம், ஆறு படம். கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஒரு நூல் அளவு கூட்டி, தாடையைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும். தெருவில் எதிரே வந்தாலும் யாருக்கும் அடையாளம் தெரியாது. சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். சரியான முகம் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது தப்பாக வரையக் கை கூசும்.

ஆமாம், என்னிடம்தான் இருந்தாள். அப்போது சந்தை வாசலில் வரைந்துகொண்டிருந்தேன். தானாக வந்து என் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் காத்திருந்தேன், தேடி யாரும் வரவில்லை. அதற்குள் ஒரு முகத்தையே வரைந்துவிடலாம். அவ்வளவு நேரம் பிள்ளையை மறந்தவளிடம் எதற்குத் திருப்பித் தர வேண்டும்? தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா செத்துப்போனாள் என்று சொன்னேன். சில நாள் அழுதாள், பிறகு என்னை அப்பா என்றாள். ஒரு குறை வைக்கவில்லை. வேண்டுமானால் அவள் மார்க் ஷீட்டைப் பாருங்கள்.

இந்த வருஷம் அந்த அம்மாள் பழைய ஆறு படங்களையும் மேசையில் பரப்பினார்.

"இதுல எதுலயும் என் பொண்ணு இல்லைங்க. ஒப்புக்கு வரையுறீங்க. கம்ப்யூட்டர்ல பண்றவங்ககிட்டயே போயிக்கிறேன்."

சுருக்கென்றது. திருடன் என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "நாளைக்கு வாங்க" என்றேன். சாயங்காலம் மகள் ஹோம்வொர்க் எழுதும்போது எதிரே உட்கார்ந்து வரைந்தேன். இமை, உதட்டோரம், நெற்றியில் அடங்காத முடி, எல்லாம். ஒரு கோடுகூடப் பொய் இல்லை.

மறுநாள் அதை வாங்கிப் பார்த்தவர் நின்றபடியே அழுதார். "நேர்ல பார்த்து வரைஞ்ச மாதிரி இருக்குங்க."

நன்றி சொன்னேன். பேப்பரில் அந்தப் படம் வந்ததும் பள்ளிக்கூட டீச்சர் உங்களுக்குப் போன் செய்தாராம். என் கைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தூக்கி வந்தேன் என்று கையெழுத்துப் போடுகிறேன். தப்பு செய்தேன் என்று போட மாட்டேன்.

இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று மகள் சொன்னதாகச் சொல்கிறீர்கள். சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் எனக்கு விளக்க வேண்டாம். ஒரு காகிதம் கொடுங்கள், நானே வரைந்து காட்டுகிறேன். அதில் வெறுப்பு இருக்காது.