பேர் போடாமல் சொன்னது

"ஹலோ... ஹலோ, ஜெயராணியா? சொல்லும்மா... ஆமா, ஆமா, கேக்குது... இல்ல, கிரவுண்ட்லதான் இருக்கேன். நாளைக்கு மேட்ச்சு, கோடு போட்டுகிட்டு இருக்கேன்... பரவால்ல, நீ சொல்லு."

பொன்னுரங்கம் சார் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தார். கடலூர் செம்மண்டலத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பெனால்டி கட்டத்துக்குப் பாதிக் கோடுதான் போட்டிருந்தார். காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. அவள் பெயர் திரையில் வந்தபோது முதல் தடவை அவர் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"வீடியோவா? எந்த வீடியோ?... ஓ, அருண்பாண்டியன் சேனல்லயா... இல்லம்மா, நான் இன்னும் பாக்கல. இங்க வேலை ஜாஸ்தி..."

நேற்று சாயங்காலத்திலிருந்து நாலு தடவை பார்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மகளிர் கால்பந்து லீக்குக்கு ஆள் எடுக்கிறார்கள். எட்டு அணிகள். முறை வைத்து ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால், பட்டியலில் இருக்கிற அறுபது பெண்களையும் பிரித்து மேய்ந்து அருண்பாண்டியன் தன் கால்பந்துச் சேனலில் ஒன்றரை மணி நேரத்துக்கு வீடியோ போட்டிருந்தான். அதில் ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் வருகிறாள் கோல்கீப்பர் ஜெயராணி. பத்தொன்பது வயசு. சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அவளைக் கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்திப் பழக்கியவர் பொன்னுரங்கம்.

"என்னா சொல்லியிருக்கான்?... ம்... ம்... உயரம் பத்தாதா? ஐயே... கால் தடிச்சிருக்குதா? இவன் என்னா மாட்டுச் சந்தையிலயா நிக்கிறான், பல்லப் புடிச்சிப் பாக்கறதுக்கு?... ஆமா... ஆமா, ஆமா. அப்டித்தாம்மா பேசுவானுங்க. ஒரு நாள் வெயில்ல கோல்ல நின்னு பாத்திருப்பானா? மைக்கு இருக்குது, வாய் இருக்குது. ஒரு சின்னப் பொண்ண இத்தினி ஆயிரம் பேரு பாக்க இப்டியா பேசறது? நியாயமா இது? நான் சொல்றேன், நீ அதையெல்லாம் காதுல வாங்கிக்..."

கோபப்படுவது சுலபமாக இருந்தது. அவர் குரல் அவருக்கே நன்றாகக் கேட்டது. இப்படியே இரண்டு நிமிஷம் திட்டிவிட்டு, தைரியமா இரு என்று சொல்லி ஃபோனை வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

"...என்னாம்மா?... வாந்தியா?"

வாளிப் பக்கத்திலிருந்து நகர்ந்து கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

எட்டாவது படிக்கும்போதிருந்தே அவளுக்கு அது உண்டு. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னால், விசில் ஊதப் பத்து நிமிஷம் இருக்கும்போது வயிறு புரட்டிக்கொண்டு வரும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் எடுப்பாள். யாரும் அந்தப் பக்கம் வராதபடி இவர் பாட்டிலோடு நிற்பார். வாயைக் கொப்பளித்து, முகத்தைக் கழுவி, கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஓடுவாள். அவள் அம்மா ஆரோக்கியம்மாளுக்குக்கூட இது தெரியாது. வீடியோவில் அருண்பாண்டியன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்: நெருங்கின வட்டாரத்துலேயே சொல்றாங்க, மேட்ச்சுன்னா பயத்துல வாந்தி எடுப்பாங்களாம், திறமை இருக்கு, நெஞ்சுறுதி இல்ல, பெரிய மேட்ச்சுக்கு நம்பி எடுக்க முடியாது.

"அது... அது அவனுக்கு எப்டித் தெரிஞ்சிதுன்னு நான் எப்டிம்மா... ட்ரெஸ்ஸிங் ரூமுக்கு எத்தினி பேர் வர்றாங்க, போறாங்க... சரி, அழுவாத. அழுவாத... யாரு? டீம் மேனேஜரா? காலையிலயே கூப்ட்டாரா?... டாக்டர் சர்ட்டிபிகேட்டா? எதுக்கு?... ம்... ம்... 'யோசிக்கணும்'னுட்டாரா..."

ஒரே ஒரு அணிதான் அவளைப் பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும். அவரிடம்தான் முதலில் விசாரித்தார்கள்.

"யாரு, தமிழ்ச்செல்வியா? உன் ரூம்ல இருக்கற புள்ளதானே, டிஃபென்ஸ்ல ஆடுமே?... அவதான் சொன்னான்னு எப்டி?... ம்... அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியுமா... ம். அதனால அவதான்னு..."

தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர்மேல் அவளுக்குச் சந்தேகம் என்ற நினைப்பே வரவில்லை.

"என்னா பண்ண?... பெட்டியத் தூக்கி வராண்டாவுலயா போட்ட?... எல்லாரும் பாக்கவா?... அய்யோ, ஜெயா... அவ ஊருக்குப் போயிட்டாளா? நெல்லிக்குப்பத்துக்கா? எப்ப?... மொத பஸ்லயேவா... ஏம்மா, அவளும் லிஸ்ட்ல இருக்காளே, ஞாயித்துக்கெழம சென்னைக்கு வரணுமே... வரமாட்டேன்னுட்டாளா?"

மைதானத்தில் யாரும் இல்லை. ஆனாலும் அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"சரி, நீ பொறு. நான் விசாரிக்கிறேன்... என்னது? அவன்கிட்டயா? நானா?... அவன எனக்குத் தெரியும்தான்... ஆமா, கேட்டா சொல்லுவான்... இரும்மா, வேற ஏதோ கால் வருது, அப்பறமா..."

எந்தக் காலும் வரவில்லை. ஃபோனைக் காதிலிருந்து இறக்கித் திரையைப் பார்த்தார். ஜெயராணி என்ற பெயருக்குக் கீழே விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது வைத்துவிட்டால் இன்னொரு தடவை எடுக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. மறுபடி காதில் வைத்தார்.

"ஜெயா... இருக்கியா?... யாரையும் கேக்க வேணாம்மா. அவன்கிட்ட சொன்னது நான்... ம்... நான்தான். தமிழு இல்ல."

கேட்கவே இல்லையோ என்று இன்னொரு தடவை சொன்னார். "நான் சொன்னேம்மா."

"...ஹலோ?... ஹலோ?... ஜெயா?"

"போன புதன்கெழம. பீச்சாண்ட மேட்ச்சு பாக்க வந்திருந்தான். டீ வாங்கிக் குடுத்தான். மத்த கோச்சுங்கல்லாம் அவுங்க புள்ளைங்களத் தூக்கித் தூக்கிப் பேசறாங்க, நீங்க ஒருத்தர்தான் சார் உள்ளத உள்ளபடி சொல்லுவீங்கன்னான். பேரு போட மாட்டேன்னான்... இல்லம்மா, உன்னத் தப்பா சொல்லணும்னு சொல்லல. தஞ்சாவூர்ல, செமி ஃபைனல்ல, வாந்தி எடுத்துட்டு அப்டியே போயி மூணு பெனால்டி புடிச்சியே, அதையும் சேத்துத்தான் சொன்னேன். அவன்தான் அத வெட்டிட்டான். அவனுங்க பொழப்பே அதுதானே..."

"...என்னா?... சத்தியமாவா கேக்கற?"

சத்தியம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவாள். ஏழு வருஷமாக அவர் சொன்ன எதையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை. இடது பக்கம் பாய் என்றால் பாய்வாள்.

"இல்ல... சொல்லல. மூணு பெனால்டியப் பத்தி நான் பேச்சே எடுக்கல. அவன் ஒண்ணும் வெட்டல. நெஞ்சுறுதி இல்லன்னு சொன்னதும் அவன் இல்ல... ஆமா. நான்தான், என் வாயாலதான் சொன்னேன்."

"ஏன்னா... எப்டிம்மா சொல்றது... கேக்கறவங்களுக்கே கேவலமா இருக்கும்... சொல்றேன், சொல்றேன். போன மாசம் பேப்பர்ல உன் பேட்டி வந்துச்சில்ல? அதுல காலேஜ் கோச்சு தில்லைநாதன் பேரு இருந்துச்சி. அவர் ரெண்டு வருஷம்தானே உனக்கு... சரி, அது இருக்கட்டும். என் பேரு இல்ல. ஒரு வரியாவது வந்திருக்கும்னு ரெண்டு பேப்பர் வாங்கியாந்தேன். வூட்டுக்கு ஒண்ணு, ஸ்டாஃப் ரூமுக்கு ஒண்ணு. பிரிச்சிப் பாத்துட்டு ரெண்டையும் வண்டி சீட்டுக்கு அடியில போட்டுட்டேன்... ஆமா. அவ்ளோதான். அந்த ஆத்திரம்தான். அவன் டீ வாங்கிக் குடுத்து என்னப் பெரிய ஆள்னதும்..."

"...என்னது?... சொன்னியா?... மொதல்ல என் பேரத்தானா?... எடம் பத்தலன்னு எடுத்துட்டாங்களா... நீயே ஃபோன் போட்டுக் கேட்டியா அவுங்கள?... எங்கிட்ட ஏம்மா சொல்லல?... ஓ... எனக்கு வருத்தமா இருக்கும்னு... ம்... ம்."

பொன்னுரங்கம் கோட்டுமேலேயே உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்பு பேண்டில் ஒட்டியது. அவள் சமாதானத்துக்காகப் பொய் சொல்கிற பெண் இல்லை. வெட்டிவிட்டார்கள் என்று தான் இட்டுக்கட்டிச் சொன்னது நிஜமாகவே அவளுக்கு நடந்திருக்கிறது. அவள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். இவரோ அந்த ஒரு வரிக்காக, எட்டாம் வகுப்பிலிருந்து காவல் நின்றதைக் கொண்டுபோய் டீக்கடையில் கொட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"ஜெயா, அந்த மேனேஜர் நம்பரக் குடு. நானே பேசி, அப்டியெல்லாம் இல்லன்னு... வேணாமா?... சரி... ஆமா, பொய்யின்னு சொல்ல முடியாதுதான். வாந்தி உண்மதானே... ம், நீயே சொல்லிட்டியா? ஆமா எடுப்பேன்னா? அதுக்கப்பறம்தான் கோல்ல நிப்பேன்னா சொன்ன?... அவரு என்னா சொன்னாரு?... அதுக்குத்தான் 'யோசிக்கணும்'னாரா... சரிம்மா. உன் வெளாட்டப் பத்தி நீ பேசறதுதான் சரி."

"அப்ப நான் என்னாதான் பண்ணட்டும்?... பேரா? அருண்பாண்டியன்கிட்டயா?... சரி. சொன்னது பொன்னுரங்கம்னு வீடியோவுக்குக் கீழ போடச் சொல்றேன். இன்னைக்கே. சத்தியமா... சரி, சரி, சத்தியம் வேணாம். செய்றேன்."

"தமிழுக்கா?... நான் நேர்லயே போறேம்மா, வண்டி இருக்குது, நெல்லிக்குப்பம் அரை மணி நேரந்தான்... இப்பவேவா? கான்ஃபரன்ஸ்லயா?... அவ எடுப்பாளா... இரு, இரு, நான் என்னா சொல்றதுன்னு யோசிச்சிக்..."

ஃபோனில் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அவர் எழுந்து நின்றுகொண்டார்.

"ஹலோ... தமிழா? நான் பொன்னுரங்கம் சார் பேசறேன். கடலூரு... ஆமா, ஜெயராணியும் லைன்ல இருக்கா. வச்சிடாதம்மா, வச்சிடாத. ஒரே நிமிஷம். ஜெயா வாந்தி எடுக்கற விஷயத்த அருண்பாண்டியன்கிட்ட சொன்னது நான். நீ இல்ல... இல்லம்மா, என்ன யாரும் சொல்லச் சொல்லல... ஆமா. தெரிஞ்சேதான் சொன்னேன்... ஆமா."

இந்தத் தடவை டீயைப் பற்றிச் சொல்லவில்லை. பேப்பரைப் பற்றியும் சொல்லவில்லை.

பிறகு ஒருத்தி ஆரம்பித்தாள். மற்றவள் குறுக்கே பாய்ந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டே கத்தினார்கள். யார் எவள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். திடீரென்று ஒருத்தி சிரித்தது போலவும் இருந்தது.

"ஜெயா..." என்றார். "தமிழு... நான் வச்சிடட்டுமா?"

அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்கள்.

"வச்சிடறேம்மா."

இன்னும் கொஞ்ச நேரம் ஃபோனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இதுவும் தான் கேட்கக் கூடாத பேச்சு என்று பட்டதும், தானே லைனைத் துண்டித்தார்.